ரேங்க் 5 எந்த மெஷினில் ஓடுகிறது?

இணைநிரலாக்கம் கற்க ஆரம்பிக்கும் எல்லாரும் எழுதும் முதல் நிரல் ஒன்றுதான். ஒவ்வொரு ப்ராசஸும் "வணக்கம், 8 பேரில் நான் 3" என்று ஒரு வரி அச்சிடும். அந்த வரிகள் வரிசை இல்லாமல் முன்னும் பின்னுமாக வந்து விழுவதைப் பார்த்துக் கொஞ்சம் ஆச்சரியப்பட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அந்த 3 எங்கே இருந்துகொண்டு வணக்கம் சொன்னது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சொந்த லேப்டாப்பில் ஓட்டும்வரை கேட்கவும் தேவையில்லை, இருப்பதே ஒரு மெஷின்தானே. கிளஸ்டரில் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான், அதுவும் ஏதாவது ஒன்று மெதுவாக ஓடியோ பாதியில் செத்தோ தொலைத்த பிறகுதான், இந்தக் கேள்வி வரும்.

சரி, முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் இங்கே குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சொற்கள்தான். கிளஸ்டர் என்பது பல கணினிகளை வேகமான நெட்வொர்க்கில் கோத்து வைத்த கூட்டம். அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். ஒவ்வொரு நோடுக்கும் தனி நினைவகம், தனி இயங்குதளம், தனிப் பெயர். ஒரு நோடுக்குள் ஒன்றோ இரண்டோ ப்ராசஸர் சில்லுகள், ஒவ்வொரு சில்லுக்குள்ளும் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்கள் பத்துக்கணக்கில். நீங்கள் எழுதிய நிரலின் ஓடும் பிரதி ஒவ்வொன்றும் ஒரு ப்ராசஸ். ஒரு நோடில் ஒரு ப்ராசஸ் ஓடலாம், ஐம்பதும் ஓடலாம். இதில் ஒரு வம்பு என்னவென்றால், நோட் என்ற அதே சொல்லை நினைவகத்தைப் பற்றிப் பேசும்போது வேறு பொருளிலும் பயன்படுத்துவார்கள். நூமா நோட் என்று யாராவது சொன்னால் அது தனிக் கணினி இல்லை, ஒரே கணினிக்குள் ஒரு சில்லுக்கு நெருக்கமாக இருக்கும் நினைவகப் பகுதி. இந்தக் கட்டுரையில் வெறுமனே நோட் என்று சொன்னால் முழுக் கணினி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ரேங்க். எம்பிஐ (MPI) என்பது ப்ராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதற்கான தரநிலை. அது உங்கள் ப்ராசஸ்களுக்கு 0 முதல் வரிசையாகக் கொடுக்கும் எண்தான் ரேங்க். 1994-இல் வந்த முதல் எம்பிஐ தரநிலையிலிருந்தே இது இப்படித்தான். நிரலாளர் மெஷின்களின் பெயர்களைப் பற்றிக் கவலைப்படாமல் "5-க்கு இந்தச் செய்தியை அனுப்பு" என்று எழுத முடியவேண்டும், அதற்காகத்தான் இந்த எண். அதாவது ரேங்க் ஒரு பெயர், முகவரி அல்ல. வருகைப் பதிவேட்டில் உங்கள் எண் 5 என்பதை வைத்து நீங்கள் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சொல்ல முடியாது, அதே கதைதான் இங்கேயும்.

ஆனால் பலர் சொல்லிவிட முடியும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். நானும் நம்பியிருக்கிறேன். 2 நோட்களில் 8 ப்ராசஸ் ஓட்டினால் 0 முதல் 3 வரை முதல் நோடில், 4 முதல் 7 வரை இரண்டாவதில் என்பது பார்க்க இயல்பாகத்தான் இருக்கிறது, பல நேரம் அப்படித்தான் அமையவும் செய்யும். இதைப் பிளாக் முறை என்பார்கள். ஆனால் ஜாப் போடும்போது, அதாவது உங்கள் நிரலை ஓட்டச் சொல்லிக் கிளஸ்டரிடம் ஒப்படைக்கும்போது, ஒரு சின்ன விருப்பத்தை மாற்றினால், அல்லது கிளஸ்டர் நிர்வாகி இயல்பு அமைப்பை மாற்றியிருந்தால், சீட்டு விளையாட்டில் கார்டு போடுவதுபோல மாற்றி மாற்றிப் போட்டுவிடும்: முதல் நோடில் 0, 2, 4, 6, இரண்டாவதில் 1, 3, 5, 7. இது சைக்ளிக் முறை. இரண்டுமே முறையானவை. உங்கள் நிரல் இரண்டிலும் சரியான விடையைத்தான் தரும், அதனால்தான் இந்தத் தவறு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும்.

இதனால் என்ன நஷ்டம் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு நோடிலும் 4 ஜிபியு, அதாவது கனமான கணக்குகளை வேகமாகப் போடும் கிராஃபிக்ஸ் சில்லு, இருக்கிறது. ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கு ஒரு ஜிபியுவை எடுத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பாதியில் இருக்கும் வரி இது: உன் ரேங்க்கை 4-ஆல் வகுத்தால் வரும் மீதி எதுவோ அந்த ஜிபியு உனக்கு. பிளாக் முறையில் கச்சிதமாக வேலை செய்யும், இரண்டு நோடிலும் 0, 1, 2, 3 என்று ஆளுக்கொன்று. இப்போது சைக்ளிக் முறையில் போட்டுப் பாருங்கள். முதல் நோடில் இருப்பது 0, 2, 4, 6. மீதி என்னவென்றால் 0, 2, 0, 2. ஆக இரண்டு ஜிபியுக்களின் மேல் இரண்டிரண்டு ப்ராசஸ் ஏறி உட்கார்ந்திருக்கும், மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். இரண்டாவது நோடில் 1, 3, 1, 3, அங்கேயும் அதே கூத்து. எந்தப் பிழைச் செய்தியும் வராது. விடையும் சரி. நேரம் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நீங்கள் அல்காரிதத்தைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

இங்கே நிரலுக்கு உண்மையில் தேவைப்பட்டது ரேங்க் இல்லை, "என் நோடில் இருப்பவர்களில் நான் எத்தனையாவது ஆள்" என்ற எண். இதை லோக்கல் ரேங்க் என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் யாரெல்லாம் என்னோடு ஒரே நோடில் இருக்கிறார்கள் என்று தெரியவேண்டும். ஆக மனிதர்களுக்கான கேள்வி "எந்த நோட்", நிரலுக்கான கேள்வி "யாரோடு ஒரே நோட்". இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசிச் சிக்கல் பிறக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. எம்பிஐயில் கெட் ப்ராசஸர் நேம் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, முதல் தரநிலையிலிருந்தே இருப்பது. அதைக் கூப்பிட்டால் ஓர் எழுத்துச்சரமும் அதன் நீளமும் வரும். பெயரில் ப்ராசஸர் என்று இருந்தாலும் நடைமுறையில் நீங்கள் பெறுவது பெரும்பாலும் ஹோஸ்ட்நேம், அதாவது அந்த நோடின் பெயர். சில்லின் பெயரோ கோரின் எண்ணோ வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்ன வடிவத்தில் பெயர் வரவேண்டும் என்று தரநிலை கட்டாயப்படுத்தவில்லை. குறிப்பிட்ட வன்பொருளை அடையாளம் காட்டினால் போதும், "4-ஆம் ரேக்கில் 9-ஆம் ப்ராசஸர்" என்றும் வரலாம், வெறும் "231" என்றும் வரலாம். ஆகவே அந்தப் பெயரை வெட்டி அதிலிருந்து நோட் எண்ணை உருவி எடுக்கும் வேலை வேண்டாம். இன்றைக்கு "நோட்012" என்று வருவது நாளைக்கு வேறு கிளஸ்டரில் வேறு மாதிரி வரும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், சி மொழியில் எழுதுபவர்கள் குறிப்பாக. பெயரை வாங்கிக்கொள்ளும் அர்ரேயின் அளவை நீங்களாக 20, 50 என்று வைக்காதீர்கள். இதற்கென்றே மேக்ஸ் ப்ராசஸர் நேம் என்று எம்பிஐயில் ஒரு மாறிலி உண்டு. எம்பிஐ தரநிலையை நடைமுறைப்படுத்தும் மென்பொருள்களில் எம்பிச்சில் அது 128, ஓப்பன் எம்பிஐயில் 256. பாத்திரம் சின்னதாக இருந்தால் வழிந்து பக்கத்து நினைவகத்தை நாசமாக்கும், அதுவும் உங்கள் கிளஸ்டரில் நடக்காது, நீளமான பெயர் வைத்திருக்கும் இன்னொருவர் கிளஸ்டரில்தான் நடக்கும். பைத்தானில் எம்பிஐ4பை பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஒரே வரியில் பெயர் கையில் வந்துவிடும்.

எம்பிஐ எதுவும் வேண்டாம், நேராக இயங்குதளத்தையே கேட்கிறேன் என்றால் கெட்ஹோஸ்ட்நேம் இருக்கிறது. வேறு எந்த மொழியானாலும் அதற்கு இணையான ஒன்று இருக்கும். நிரலே எழுதாமல் பார்க்க இன்னும் சுலபம்: எம்பிஐ நிரல்களைத் தொடங்கிவைக்கும் எம்பிஐரன்னிடம் உங்கள் நிரலுக்குப் பதிலாக ஹோஸ்ட்நேம் என்ற சாதாரண லினக்ஸ் கட்டளையைக் கொடுத்து 8 பிரதி ஓட்டச் சொல்லுங்கள். எட்டுப் பெயர்கள் வரும். எட்டும் ஒரே பெயர் என்றால் உங்கள் 8 ப்ராசஸும் ஒரே நோடில் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன, இன்னொரு நோட் வேலையே இல்லாமல் சும்மா இருக்கிறது என்று பொருள். புதிய கிளஸ்டரில் நான் முதலில் ஓட்டுவது இதைத்தான். பத்து வினாடிகூட ஆகாது.

இப்போது இரண்டாவது கேள்வி. பெயர் கிடைத்துவிட்டது, அதை வைத்தே கூட்டம் பிரித்துவிடலாமே என்று தோன்றும். எல்லாரும் தங்கள் பெயரை எல்லாருக்கும் அனுப்பவேண்டும், ஒவ்வொருவரும் பட்டியலில் தன் பெயரோடு ஒத்துப்போகிறவர்களை எண்ணவேண்டும். பழைய நிரல்களில் இதைத்தான் பார்ப்பீர்கள், நாலு நோடுக்கு இது நன்றாகவே ஓடும். பெரிதாக்கிப் பாருங்கள். ஜப்பானின் ஃபுகாக்கு சூப்பர்கணினியில் 1,58,976 நோட்கள். ஒவ்வொன்றிலும் 4 ப்ராசஸ் என்று வைத்தால் 6,35,904 பேர். பெயருக்கு 256 பைட் ஒதுக்கினால் ஒவ்வொரு ப்ராசஸும் சுமார் 163 மெகாபைட் அளவுக்குப் பெயர்ப்பட்டியலைச் சுமக்கவேண்டும், அதில் தனக்கு வேண்டியதோ நாலே நாலு வரி.

இந்தச் சுமை வேண்டாம் என்று சிலர் குறுக்குவழி பிடிப்பார்கள். எம்பிஐயில் ப்ராசஸ்களைக் குழுவாகப் பிரிக்கும் காம் ஸ்ப்ளிட் என்ற ஃபங்ஷன் உண்டு. ஒரே நிற எண் கொடுத்தவர்கள் எல்லாம் ஒரே குழு. பெயரின் எழுத்துகளைச் சுருக்கி ஒரே எண்ணாக்கி, அதாவது ஒரு ஹாஷ் எண் கணக்கிட்டு, அதையே நிறமாகக் கொடுத்துவிட்டால் முடிந்ததே! பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வேறு பெயர்களுக்கு ஒரே ஹாஷ் எண் வந்துவிட்டால் இரண்டு நோட்கள் ஒரே குழுவில் சேர்ந்துவிடும், பிறகு ஒரே நினைவகத்தைப் பகிரலாம் என்று நம்பி நிரல் அடுத்த அடி வைக்கும்போது விழும். நோட் எண்ணிக்கை கூடக்கூட இந்த மோதலுக்கான வாய்ப்பும் கூடும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிழையைப் பிடிப்பதைவிடத் தினமும் வரும் பிழையைப் பிடிப்பது மேல்.

இதற்கெல்லாம் 2012-இல் வந்த எம்பிஐ 3.0 ஒரு நேர்வழி கொடுத்தது. காம் ஸ்ப்ளிட் டைப் என்ற ஃபங்ஷன். அதற்கு டைப் ஷேர்ட் என்ற வகையைக் கொடுத்தால், நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளக்கூடியவர்களை எல்லாம் ஒரு குழுவாக்கிக் கொடுத்துவிடும். ஒரே நினைவகம் என்றால் வழக்கமாக ஒரே நோட். அந்தக் குழுவுக்குள் உங்கள் ரேங்க்தான் லோக்கல் ரேங்க், குழுவின் அளவுதான் உங்கள் நோடில் எத்தனை ப்ராசஸ் என்பது. பெயர் ஒப்பிட வேண்டாம், ஹாஷ் வேண்டாம். மேலே சொன்ன ஜிபியு பிரச்சினைக்கு இதுதான் மருந்து: உலக ரேங்க்கை வகுக்காதீர்கள், லோக்கல் ரேங்க்கைப் பயன்படுத்துங்கள். அப்புறம் பிளாக், சைக்ளிக், எதுவாக இருந்தாலும் ஆளுக்கொரு ஜிபியு.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நோட்களுக்கு 0, 1, 2 என்று ஓர் எண் வேண்டும் என்றால்? இதற்கு ஒரு நல்ல உத்தி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. நோட் குழு கிடைத்ததும், ஒவ்வொரு குழுவிலும் லோக்கல் ரேங்க் 0 யாரோ அவரைத் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவர்களை மட்டும் கொண்டு இன்னொரு குழு அமையுங்கள், மற்றவர்கள் நிறத்துக்குப் பதில் அன்டிஃபைன்ட் என்று கொடுத்து ஒதுங்கிக்கொள்வார்கள். தலைவர்கள் குழுவில் ஒருவருக்கு என்ன ரேங்க் கிடைக்கிறதோ அதுதான் அவருடைய நோடின் எண். அதைத் தன் நோட் குழுவுக்குள் ஒரு பிராட்காஸ்ட் செய்துவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூன்று நான்கு வரிகள்தான். ஒதுங்கிக்கொண்டவர்களுக்குத் தலைவர் குழு என்று எதுவும் கிடையாது, வெற்றுக் குழுதான் கையில் இருக்கும், அதைப் பயன்படுத்தி ஏதாவது செய்யப்போனால் நிரல் அங்கேயே நின்றுவிடும். முதல் முறை எழுதும்போது இங்கே ஒரு நிபந்தனை வைக்க மறப்பது சகஜம்.

இந்த இரண்டடுக்கு அமைப்பு எண் போடுவதற்கு மட்டும் இல்லை. ஒரே நோடுக்குள் இரண்டு ப்ராசஸ் சின்னச் செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு மைக்ரோவினாடிகூட ஆகாது. நல்ல இன்ஃபினிபேண்ட் நெட்வொர்க்கில் இன்னொரு நோடுக்குப் போக ஓரிரு மைக்ரோவினாடி, சாதாரண ஈதர்நெட் என்றால் அதைவிடப் பல மடங்கு. அதனால் முதலில் நோடுக்குள்ளேயே கூட்டித் தொகுத்து, தலைவர்கள் மட்டும் வெளியே பேசுவது பல நேரங்களில் லாபம். நினைவகத்திலும் லாபம் உண்டு. எல்லாரும் படிக்கவேண்டிய 2 ஜிகாபைட் அட்டவணை ஒன்று இருக்கிறது, நோடில் 48 ப்ராசஸ் என்றால் ஆளுக்கொரு பிரதி வைத்தால் 96 ஜிகாபைட் காலி. நோட் குழு இருந்தால் வின் அலோகேட் ஷேர்ட் மூலம் ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு 48 பேரும் படிக்கலாம்.

எம்பிஐ தொடங்குவதற்கு முன்பே லோக்கல் ரேங்க் தெரியவேண்டிய நிலையும் வரும், சில ஜிபியு அமைப்புகளில் அப்படித்தான். அதற்கு எண்விரான்மென்ட் மாறிகள், அதாவது நிரல் தொடங்கும்போதே அதற்கு வெளியிலிருந்து கொடுக்கப்படும் மதிப்புகள், உதவும். கிளஸ்டரில் ஜாப்களைப் பங்கிட்டு ஓட்டும் மென்பொருளான ஸ்லர்மில் ஓட்டினால் ஸ்லர்ம் லோக்கல்ஐடி, ஸ்லர்ம் நோட்ஐடி, ஸ்லர்ம்டி நோட்நேம் என்று எல்லாம் தயாராக இருக்கும். ஓப்பன் எம்பிஐயின் எம்பிஐரன்னும் தன் பங்குக்கு லோக்கல் ரேங்க்கை வைத்துவிட்டுத்தான் நிரலைத் தொடங்கும். வசதிதான், ஆனால் இவை அந்தந்தக் கருவிக்கே உரியவை. வேறு இடத்துக்குப் போனால் மாறியின் பெயர் மாறிவிடும், நிரல் வெற்றுச்சரத்தைப் படித்து 0 என்று எடுத்துக்கொண்டு எல்லாரையும் ஒரே ஜிபியுவில் கொண்டுபோய்த் திணிக்கும். மாறி இல்லையென்றால் சத்தம் போட்டு நிற்கும்படி எழுதிவையுங்கள்.

நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டித் தனியாக ஓட்டும் கன்டெய்னருக்குள் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் ஹோஸ்ட்நேமை அப்படியே நம்பவேண்டாம். லினக்ஸில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி ஹோஸ்ட்நேம் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. கன்டெய்னர்களை ஓட்டும் கருவியான டாக்கர் இயல்பாகவே கன்டெய்னரின் அடையாள எண்ணிலிருந்து 12 எழுத்தை எடுத்துப் பெயராக வைத்துவிடும். ஒரே நோடில் 4 கன்டெய்னர் ஓடினால் 4 பெயர் வரும், நீங்கள் 4 நோட் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சரி, நோட் தெரிந்துவிட்டது, அதற்குள் எந்தக் கோர்? இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. வழக்கமான எம்பிஐ ஓட்டத்தில் ஒரு ப்ராசஸ் தொடங்கிய நோடிலேயேதான் முடியும்வரை இருக்கும். ஆகவே ஒருமுறை கேட்டால் போதும். கோர் அப்படி இல்லை. கட்டிப்போடாமல் விட்டால் இயங்குதளம் உங்கள் ப்ராசஸைக் கோர் விட்டுக் கோர் தூக்கிப்போட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸில் ஸ்கெட் கெட்சிபியு என்று கேட்டால் இந்தக் கணம் எந்தக் கோர் என்று சொல்லும், ஆனால் அந்தப் பதிலை நீங்கள் அச்சிடுவதற்குள் ப்ராசஸ் வேறு கோருக்குப் போயிருக்கலாம். ஆகவே உபயோகமான கேள்வி "இப்போது எந்தக் கோரில் இருக்கிறேன்" என்பது இல்லை, "எந்தெந்தக் கோர்களில் ஓட எனக்கு அனுமதி" என்பதுதான். ஓப்பன் எம்பிஐயில் ரிப்போர்ட் பைண்டிங்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு ரேங்க்கும் எந்தக் கோர்களோடு கட்டப்பட்டிருக்கிறது என்று படம் போட்டே காட்டிவிடும். ஒரு ப்ராசஸுக்குள்ளேயே இணையாக ஓடும் திரெட்களும் இருக்கின்றன என்றால், அவற்றுக்கான தரநிலையான ஓப்பன்எம்பியில் (OpenMP, ஓப்பன் எம்பிஐ வேறு) 5.0 முதல் டிஸ்ப்ளே அஃபினிட்டி என்ற மாறி உண்டு, அதை ட்ரூ என்று வைத்தால் திரெட் வாரியாகப் பட்டியல் வரும். அந்த நோடின் உள்ளமைப்பே தெரியவில்லையா, எச்டபிள்யூலாக் தொகுப்பில் வரும் எல்எஸ்டோப்போ கட்டளை முழு வரைபடத்தையும் காட்டும்.

இந்த விவரங்களை எல்லாம் எங்கே போடுவது? நிரல் எழுதும் லாக் கோப்பின் தலைப்பில். ரேங்க், நோடின் பெயர், லோக்கல் ரேங்க், ஜிபியு எண், இவ்வளவு போதும். ஆனால் ஒவ்வொரு ப்ராசஸும் தானே அச்சிட்டால் வரிகள் கலந்துகட்டி வரும், அதனால் தலைவர்கள் மட்டும் தங்கள் நோடின் விவரத்தை ரேங்க் 0-க்கு அனுப்ப, அது வரிசையாக அச்சிடட்டும். ஒருமுறை நான் ஓட்டிய ஜாப் ஒன்று ஒருநாள் 3 மணி நேரத்தில் முடியும், மறுநாள் 5 மணி நேரம் இழுக்கும். உள்ளீடு ஒன்றுதான், நிரலும் ஒன்றுதான். எல்லாரும் ஒவ்வொரு அடியிலும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் நிரல் அது, அதனால் ஒரே ஒரு ஆள் மெதுவானாலும் மொத்தமும் மெதுவாகும். லாகில் நோட் பெயர்களைச் சேர்த்த பிறகு, இழுத்த ஓட்டங்களின் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரே ஒரு பெயர் பொதுவாக இருந்தது. சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த நோட் அது. அதை ஒதுக்கச் சொல்லிவிட்டு ஓட்டினேன், அதன் பிறகு 3 மணி நேரத்துக்கு மேல் போனதில்லை.

கடைசியாக, கிளஸ்டர் கையில் இல்லாமல் லேப்டாப்பிலேயே இதையெல்லாம் எழுதிப் பழகுவது எப்படி? ஸ்ப்ளிட் டைப் அங்கே எல்லாரையும் ஒரே குழுவில் போட்டுவிடும், ஏனென்றால் நோட் ஒன்றுதான். அதனால் சோதனைக்கு மட்டும் பொய் நோட்கள் செய்துகொள்ளுங்கள்: சாதாரண காம் ஸ்ப்ளிட்டில் ரேங்க்கை 4-ஆல் வகுத்த ஈவை நிறமாகக் கொடுத்தால் பிளாக் முறையில் அமைந்த நோட்கள், 2-ஆல் வகுத்த மீதியைக் கொடுத்தால் சைக்ளிக் முறையில் அமைந்த 2 நோட்கள். 8 ப்ராசஸோடு இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், லேப்டாப்பில் அத்தனை கோர் இல்லை என்று ஓப்பன் எம்பிஐ முரண்டு பிடித்தால் ஓவர்சப்ஸ்கிரைப் விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள். தலைவர் தேர்வு, நோட் எண், ஜிபியு பங்கீடு மூன்றும் இரண்டு அமைப்பிலும் சரியாக வரவேண்டும். ஒன்றில் சரியாக வந்து மற்றதில் சொதப்பினால், எங்கோ ஓரிடத்தில் ரேங்க்கை முகவரியாக நினைத்து ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், தேடினால் கிடைக்கும்.